தேடலில் சிக்காத ஆவணம்

சேவையகத்தில் சேமித்த ஆவணங்களைத் தேடுபொறி ஒவ்வொரு முறையும் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்பே தொகுத்த சொல்லடைவையே பார்க்கிறது. இணைப்புக் கோப்புகளிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து அவ்வடைவுக்குத் தருவது 'டிக்கா' போன்ற மென்பொருள்களின் பணி. பிரித்தெடுப்பில் பிழை நேர்ந்தால், இருக்கும் ஆணையையே அலுவலர் 'இல்லை' எனக் கருதிவிடுவார்.

இந்நிலையில் அடைவை அழித்து மீண்டும் உருவாக்க முனைவோர் பலர். அது பெரும்பாலும் வீண்வேலை. பிரித்தெடுக்கப்பட்ட எழுத்துகளையே முதலில் நோக்க வேண்டும். அங்கு ஒன்றுமே இல்லையெனில், கோப்பு பெரும்பாலும் வருடியில் எடுத்த படமாக இருக்கும். எழுத்துணரி படித்த பின்னரே அது தேடலுக்கு உரியதாகும்.

பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தென்பட்டால், காரணம் பழைய எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த 'அம்மா' திரையில் தமிழாகவே தோன்றும். கோப்பினுள் இருப்பவையோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பனவே. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றினாலன்றித் தமிழில் தேட இயலாது.

ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றை ஒருவடிவாக்காமல் அடைவு அமைத்தால், 'கொடி' என்று தேடுபவருக்கு ஆவணத்திலுள்ள 'கொடி' கிடைக்காமல் போகும்.