பனித்தளத்தின் காவலர்

விளையாட்டில் கோல் அடிப்பவரையே உலகம் எளிதில் அறிந்துகொள்கிறது. அணியைத் தோல்வியிலிருந்து காப்பவரின் உழைப்போ பலநேரங்களில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அத்தகைய காக்கும் பணியையே தம் ஆட்டமாக ஏற்று, அயல்நாட்டார் தம் நாட்டினர்மீது கொண்டிருந்த தவறான எண்ணத்தை மாற்றியவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த பொர்யே சால்மிங்.

ஆட்டமும் தடுப்பாட்டக்காரரும்

ஐஸ் ஹாக்கி எனப்படும் பனிவளைகோல் ஆட்டம் உறைபனித் தளத்தில் ஆடப்படுவது. வீரர்கள் சறுக்குக் காலணி அணிந்து விரைவர். பந்துக்கு மாற்றாக ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள கெட்டியான இரப்பர் வட்டு பயன்படுகிறது. ஓர் அணிக்கு முன்கள வீரர் மூவர், தடுப்பாட்டக்காரர் இருவர், இலக்குக் காவலர் ஒருவர் என அறுவர் களத்தில் இருப்பர். தடுப்பாட்டக்காரர் எதிரணியினரை இலக்கை நெருங்கவிடாமல் தடுப்பார். சீறிவரும் வட்டைத் தேவையெனில் தம் உடலால் மறிப்பார். கைப்பற்றிய வட்டை முன்கள வீரரிடம் சேர்த்துத் தாக்குதலையும் தொடங்கிவைப்பார்.

வடகோடியில் தொடங்கிய வாழ்க்கை

சால்மிங் 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று சுவீடனின் வடகோடியிலுள்ள கிரூனா பகுதியில் பிறந்தார். சாமி என்னும் தொல்குடி மரபில் வந்த தந்தை சுரங்க விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது ஐந்து. இளமையிலேயே பனிவளைகோல் ஆட்டத்தில் தேர்ந்த அவர், பிரீனேஸ் அணியில் இடம்பெற்று 1971, 1972ஆம் ஆண்டுகளில் அவ்வணி சுவீடனின் சாம்பியன் பட்டம் வெல்லத் துணைநின்றார்.

ஏளனமும் விடையும்

1973இல் கனடாவின் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் சேர்ந்தார். மோதலுக்கு இடமளிக்கும் வட அமெரிக்க ஆட்டத்திற்கு ஐரோப்பியர் தாங்கமாட்டார் என்பது அக்காலக் கருத்து. ‘கோழைச் சுவீடியர்’ என எதிரணியினர் எள்ளினர். வேண்டுமென்றே மோதித் தாக்கினர். சால்மிங் பின்வாங்கவில்லை, விரைந்துவரும் வட்டின் குறுக்கே அஞ்சாது பாய்ந்தார். 1976இல் கனடா கோப்பைப் போட்டிக்காகச் சுவீடன் அணியின் சீருடையில் டொராண்டோ அரங்கில் அவர் தோன்றியபோது, பார்வையாளர்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர். 1986இல் மற்றொரு வீரரின் காலணி அலகு தவறுதலாக முகத்தைக் கிழித்தது; 200க்கும் மேற்பட்ட தையல்கள் இடப்பட்டன. அதன்பின்னும் அவர் களம் திரும்பினார்.

புகழும் நிறைவும்

டொராண்டோவில் 16 பருவங்கள், டெட்ராய்ட்டில் ஒரு பருவம் என அவர் ஆடிய ஆட்டங்கள் 1,148. அவர் அடித்த கோல்கள் 150. பிறர் அடித்த கோல்களுக்குத் துணைநின்றவை 637. தலைமைப் பரிசான ஸ்டான்லி கோப்பை அவருக்கு ஒருமுறையும் வாய்க்கவில்லை. எனினும், 1996இல் டொராண்டோவிலுள்ள பனிவளைகோல் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். சுவீடன் நாட்டவருள் அப்பெருமையைப் பெற்ற முதல்வர் அவரே.

2022இல் தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் நோய் அவரது பேச்சைப் பறித்தது. அவ்வாண்டு நவம்பரில் டொராண்டோ அணி அவரை அழைத்துச் சிறப்பித்தது. அன்றைய ஆட்டத்தைத் தொடங்க அவ்வணி களமிறக்கிய அறுவரும் சுவீடன் நாட்டினர். நவம்பர் 24 அன்று சால்மிங் மறைந்தார். ஒருகாலத்தில் சுவீடியரால் தாக்குப்பிடிக்க இயலாது என்று கருதப்பட்ட களத்தில் அந்த அறுவரும் நின்றதே அவர் வாழ்நாள் ஆட்டத்தின் பயன்.