நிலத்தில் பழகும் வானம்

வானில் செய்தால் உயிரைப் பறிக்கும் தவறுகளை நிலத்தில் செய்து திருத்திக்கொள்ள உதவுவதே சிமியூலேட்டர் எனப்படும் பறப்புப் பயிற்சிப் பொறி. 1929 இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தன் தந்தையின் ஓர்கன் தொழிற்சாலையில் பயன்பட்ட துருத்திகளைக் கொண்டே இதன் முன்னோடியை அமைத்தார். இன்றைய பொறிகள் ஆறு கால்களின் மேல் நின்று, உண்மை விமானம் போலவே சாய்ந்து குலுங்குகின்றன.

நிறுவனங்களும் செல்வந்தர்களும் பயன்படுத்தும் சிறிய ஜெட் விமானங்களின் விமானிகள் பெரும்பாலும் வெளிநிறுவனங்களிலேயே இப்பயிற்சியைப் பெறுகின்றனர். 1951 இல் தொடங்கிய அமெரிக்காவின் ஃபிளைட்சேஃப்டி, கனடாவின் சீ.ஏ.ஈ. ஆகியன அவற்றுட் பிரபலமானவை. இவ்வாறான நிறுவனங்களுள் ஒன்றை எப்படித் தெரிவு செய்வது?

முதலாவது, பொறி நாம் ஓட்டும் விமானத்தை ஒத்ததா எனப் பார்க்க வேண்டும். கல்ஃப்ஸ்ட்ரீம் என்ற பெயர் ஒன்றாயினும் ஜீ-4 இன் விமானியறை வேறு. ஜீ-650 இன் விமானியறை வேறு. இரண்டாவது, அதன் தரம். அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரசபை வழங்கும் ‘டீ’ தரமே மிக உயர்ந்தது. மூன்றாவது, பயிற்றுநர் அவ்விமானத்தை நன்கறிந்தவரா என்பது. நான்காவது, நாம் வழமையாகச் செல்லும் விமான நிலையங்களையும் காலநிலையையும் பயிற்சியில் சேர்ப்பார்களா என்பது. கட்டணமும் தூரமும் இவற்றுக்குப் பிறகே.

இவை அனைத்திலும் முக்கியமான ஒன்றுண்டு என நான் கருதுகிறேன். 2014 மே 31 இல் அமெரிக்காவின் பெட்ஃபோர்ட் நகரில் ஒரு ஜீ-4 விமானம் மேலெழ முடியாமல் ஓடுபாதையைத் தாண்டித் தீப்பற்றியது. 7 பேர் இறந்தனர். தரித்து நிற்கும்போது காற்றில் அசையாதபடி இடப்படும் பூட்டு நீக்கப்படவில்லை. புறப்படுமுன் கட்டுப்பாடுகளை அசைத்துப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். ஆனால் அவ்விமானிகள் முந்திய 175 புறப்பாடுகளில் நூற்றுக்கு 98 இலும் அச்சோதனையை முழுமையாகச் செய்திருக்கவில்லை என்று விசாரணை கூறியது. அவர்கள் அனுபவசாலிகள், குறைந்தது திறமையல்ல, ஒழுங்கு.

ஆகவே, இயந்திரம் தீப்பற்றினால் என்ன செய்வது என்று மட்டும் கற்பிக்கும் நிறுவனம் போதாது. ஒவ்வொரு பயிற்சியையும் சோதனைப் பட்டியலோடு தொடங்கச் செய்து, ஒரு விமானி தவறவிட்டதை மற்றவர் சுட்டிக்காட்டப் பழக்கும் நிறுவனமே சிறந்தது. பயணியின் உயிர் விமானியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கும் பழக்கம் நிலத்திலேயே உருவாக வேண்டும்.