குறுக்கிய பாட்டில் எது குறைகிறது?

2000களின் தொடக்கத்தில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய எம்பி3 சிடிகளை நினைவிருக்கிறதா? அட்டையில் பாடகரின் முகத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஓர் எண் நிற்கும்: 100 பாடல்கள், 150 பாடல்கள். அதே வட்டை ஆடியோ சிடியாக வாங்கினால் பதினைந்து பாட்டு தேறினால் பெரிது. வட்டு பெருக்கவில்லை, பாட்டுதான் இளைத்திருந்தது.

எவ்வளவு இளைத்தது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சிடியில் ஒலி அலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவையும் எழுத 16 பிட். இடம், வலம் என இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட். அதையே நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பதினொன்றில் பத்துப் பங்கைக் காணவில்லை.

எதையும் தொலைக்காமல் குறுக்கும் வழியும் உண்டு. ஃபிளாக் அப்படிப்பட்டது. முந்தைய அளவுகளைப் பார்த்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. விரித்தால் ஒரு பிட் மாறாமல் மூலம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான பாடல்கள் பாதி அளவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். அதற்கு மேல் இளைக்க வேண்டுமானால் எதையாவது தூக்கி எறிந்தாக வேண்டும்.

எதை எறிவது என்பதைக் காதிடம் கேட்டுத் தீர்மானித்ததுதான் எம்பி3யின் சாமர்த்தியம். தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்பதில்லை. உரத்த ஒலி, தன் சுருதிக்கு அருகில் இருக்கும் மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடுகிறது. உரத்த ஒலி நின்ற பிறகும் சிறிது நேரம் காது மந்தமாகவே இருக்கும். இதை வைத்துக்கொண்டு எம்பி3 செய்யும் வேலை கொஞ்சம் தந்திரமானது. ஒலியைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறைந்த பிட்டுகளில் கரடுமுரடாக எழுதுகிறது. அப்படி எழுதுவதால் இரைச்சல் பிறக்கும். அந்த இரைச்சலை உரத்த ஒலிகளின் நிழலில் ஒளித்து வைக்கிறது. நிழலுக்குள் அடங்கும்வரை நமக்கு எதுவும் தெரியாது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பேராசிரியர் டீட்டர் சைட்ஸர் தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்பும் கனவோடு இருந்தார். அவர் மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அதைக் கணிதமாக மாற்றினார். 1980களின் கடைசியில், எம்பி3யின் முன்னோடி ஓரளவு நன்றாகவே ஒலித்துக்கொண்டிருந்தபோது, சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ அவர் கையில் கிடைத்தது. பக்கவாத்தியம் எதுவுமில்லாத தனிக் குரல். பெரிய வாத்தியக் குழுவையே சமாளித்த நிரல், இந்த ஒற்றைக் குரலில் படுதோல்வி கண்டது. காரணம் சுவையானது. குரல் இரண்டு காதுக்கும் நடுவில் ஒலிக்கிறது. இரைச்சலோ இடத்திலும் வலத்திலும் தனித்தனியாகப் பிறக்கிறது. திசை வேறானதும் நிழல் சுருங்கிவிடுகிறது. மறைக்க வேறு வாத்தியமும் இல்லை. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் நிரலைச் சீர்செய்தார்கள்.

இன்னொரு வில்லன் காஸ்டனெட் என்னும் ஸ்பானியச் சிப்ளாக்கட்டை. எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக் கையாள்கிறது. ஒரு துண்டு சுமார் 26 மில்லிநொடி. துண்டின் கடைசியில் ஓர் அடி விழுந்தால், அதன் இரைச்சல் துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்னாலேயே ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். அடிக்குப் பின்னால் வரும் இரைச்சலை மன்னிக்கும் காது, முன்னால் வருவதைச் சில மில்லிநொடிதான் பொறுக்கும். நம் கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் இதே ஆபத்து உண்டு. அடி வருவதை உணர்ந்தால் எம்பி3 தன் துண்டைச் சுமார் 9 மில்லிநொடியாகச் சுருக்கும். 1997இல் வந்த ஏஏசி என்னும் வடிவம் 6 மில்லிநொடிவரை சுருக்கும். ஒரே கிலோபிட்டில் ஏஏசி ஒரு படி தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2012இல் வந்த ஓபஸ் இன்னும் கெட்டிக்காரன். ஸ்கைப்பின் பேச்சுத் தொழில்நுட்பத்தையும் ஸிஃப் அமைப்பின் இசைத் தொழில்நுட்பத்தையும் ஒன்றாகக் கோத்தது அது. வாட்ஸ்அப் குரல் செய்தியில் ஓடுவது இதுதான், யூடியூபிலும் உண்டு. 96 கிலோபிட் ஓபஸ், 128 கிலோபிட் எம்பி3க்குக் குறைந்ததல்ல என்பது என் காதின் தீர்ப்பும்கூட. ஐந்து நிமிடப் பாட்டு 3.6 மெகாபைட்டில் முடிந்துவிடும்.

ஆகவே, கிலோபிட் எண்ணை மட்டும் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. அந்த எண் ஏமாற்றவும் செய்யும். 128இல் இருந்த பழைய கோப்பை 320ஆக மாற்றி ‘உயர்தரம்’ என்று பெயர் ஒட்டிப் பகிர்கிறார்கள். கோப்பு 12 மெகாபைட்டாக வீங்கும். போன ஒலி வராது. இரண்டாம் முறை குறுக்கியதால் புதிதாகக் கொஞ்சம் இரைச்சல் வேண்டுமானால் சேரும்.

வித்தியாசம் தெரிகிறது என்று சாதிப்பவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. மூலம், குறுக்கியது இரண்டையும் கேட்க வைத்து, மூன்றாவதாக அவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லாமல் போட வேண்டும். எது என்று அவர் சொல்ல வேண்டும். இப்படி 16 முறை. வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவது நூற்றுக்கு நான்கு தடவைகூட நடக்காது. 128 எம்பி3யில் கைத்தாளமும் ஜால்ராவும் தண்ணீருக்கடியில் ஒலிப்பதுபோலக் குழைவதைப் பலர் பிடித்துவிடுவார்கள். 256 ஏஏசியில் பெரும்பாலோர் தடுமாறுவார்கள், விலையுயர்ந்த ஹெட்போன் வைத்திருப்பவர்கள் உட்பட. அந்த ஹெட்போன் புளூடூத் என்றால் வழக்கமாக ஒலி இன்னொரு முறை குறுக்கப்பட்டுத்தான் காதுக்கு வருகிறது. ஃபிளாக் கோப்பை ஓட்டினாலும் அப்படித்தான்.

அப்படியானால் ஃபிளாக் எதற்கு? கேட்பதற்கு என்பதைவிட, வைத்துக்கொள்வதற்கு. வீட்டில் தாத்தா பாடிய காசெட்டோ, ஊர்த் திருவிழா நாதஸ்வரப் பதிவோ இருந்தால் முதலில் ஃபிளாக்கில் ஏற்றுங்கள். கைப்பேசிக்கு வேண்டிய ஓபஸையும் ஏஏசியையும் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2002இல் காசெட்டை 128 எம்பி3 ஆக்கிவிட்டு நாடாவை வீசியவர்களுக்குப் பத்தாண்டு கழித்து ஓபஸ் வந்தும் ஒரு பயனும் இல்லை.