பெட்டி இல்லாமல் கைமாறும் பெயர்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு முன்னால் போகும் செங்கம் சாலையானாலும் சரி, தமிழ்நாட்டின் வேறெந்தத் தெருவானாலும் சரி, பெட்டிக்கடையில் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குவோரைவிட ஒற்றையாக வாங்குவோரே அதிகம் கண்ணில் படுகிறார்கள். “வில்ஸ் ஒண்ணு” என்றால் போதும். பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கையும் நோய்ப் படமும் இருக்க வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒற்றை சிகரெட் வாங்குபவரின் கைக்கு அந்தப் படம் போவதில்லை. பெயர் மட்டும் போகிறது.

அந்தப் பெயருக்கு வயது அதிகம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1786-இல் புகையிலை வணிகம் தொடங்கிய குடும்பத்தின் பெயர் அது. இந்தியாவில் அந்தப் பெயரில் சிகரெட் விற்பது ஐ.டி.சி.; 1910 ஆகஸ்ட் 24 அன்று கொல்கத்தாவில் பதிவான இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம்தான் அது. ‘வில்ஸ் நேவி கட்’ விளம்பரங்கள் புகையிலையின் ருசியைவிட, ஜோடிப் பொருத்தத்தையே பேசின. பொருத்தமான தம்பதியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியையும் நடத்தினார்கள். அடுத்து வந்தது கிரிக்கெட். 1990-களில் இந்திய அணியின் சட்டையில் வில்ஸ் என்றே எழுதியிருந்தது. 1996 உலகக் கோப்பைக்கே ‘வில்ஸ் உலகக் கோப்பை’ என்று பெயர். அதன் காலிறுதி ஒன்று சேப்பாக்கத்தில் நடந்தது. பள்ளிப் பிள்ளை தன் நாயகனின் நெஞ்சில் படித்தது ஒரு சிகரெட்டின் பெயரை. 2000-இல் அதே பெயரில் துணிக்கடைகளும் வந்தன. புகையிலைக்குச் சொந்தமாக எந்த நற்பெயரும் இல்லை. தாம்பத்தியத்திடமும் விளையாட்டிடமும் உடையிடமும் இரவல் வாங்கித்தான் வில்ஸ் வளர்ந்தது என்பதே என் வாதம்.

‘சிகரெட் நிறுவனத்தின் பணம் இல்லாவிட்டால் கிரிக்கெட் வளர்ந்திருக்குமா?’ என்பார்கள். 2001-இல் அந்த நிறுவனம் விளையாட்டிலிருந்து தானே விலகிய பிறகு, இந்திய கிரிக்கெட் முன்னிலும் செழித்ததே தவிர நலியவில்லை. ‘சட்டையில் பெயரைப் பார்த்து யார் புகைக்கப் போகிறார்கள்?’ என்பது இன்னொரு கேள்வி. கோவா மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1996-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. புகையிலை நிறுவனம் ஆதரித்த போட்டிகளைப் பார்த்த பிள்ளைகளுக்குப் புகைத்துப் பார்க்கும் நாட்டம் கூடியதை அது காட்டியது. ‘அதே நிறுவனம் மங்கள்தீப் ஊதுவத்தியும் விற்கிறதே’ என்பதும் நியாயமான மறுப்புதான். கோயில் ஊரில் அந்த ஊதுவத்தி மணப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. அது தன் சொந்தப் பெயரில் விற்கிறது. வேறு தொழிலுக்கு நகர்வதையும் வரவேற்கலாம். சிகரெட்டின் பெயரை இன்னொன்றின் மேல் ஒட்டுவதுதான் தவறு.

2003-ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரத்தையும் விளையாட்டு ஆதரவையும் தடுத்தது. 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதையும் தடை செய்தது. ஆனால் எச்சரிக்கைப் படமின்றிப் பெயரை மட்டும் கைமாற்றும் ஒற்றை விற்பனையை அது தொடவில்லை. மகாராஷ்டிரம் 2020-இல் ஒற்றை சிகரெட் விற்பனைக்குத் தடை விதித்தது. ஏழைக் கடைக்காரரின் வருமானம் குறையும் என்ற கவலை உண்மையானது. அதற்காகத் தடையைப் படிப்படியாகக் கொண்டுவரலாம், கொண்டுவராமல் விடக்கூடாது. தமிழ்நாடு அரசு ஒற்றை விற்பனையைத் தடுக்கும் ஆணையைப் பிறப்பிக்க வேண்டும். முதலில் பள்ளிகளைச் சுற்றிய தெருக்களிலும் கிரிவலப் பாதையிலும் அதை நடைமுறைப்படுத்த வேண்டும்.