மாட்டு வால்வுக்கு ஆயுசு எத்தனை?

பிலிமத்தலாவையிலிருந்து பேராதனை வழியாகக் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறவர்களில், இரத்தத்தின் உறைதன்மையைச் சோதிக்கப் போகிறவர்களும் உண்டு. பலர் இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்கள். அந்த வால்வில் இரத்தம் கட்டிபடாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் குளிசை போட வேண்டும். அளவு கூடினால் இரத்தப்போக்கு, குறைந்தால் வால்வே அடைபடும். வல்லாரைச் சம்பலைக்கூட இன்றைக்கு நிறைய, நாளைக்கு இல்லை என்று சாப்பிட முடியாது. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

விலங்கு இழைய வால்வுக்கு இந்தக் குளிசை பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குத்தான். (இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டவருக்கு எந்த வால்வு வைத்தாலும் குளிசை தொடரும், இதைப் பலர் பிந்தித்தான் அறிகிறார்கள்.) பன்றியின் வால்வையே எடுத்தோ, மாட்டின் இதயத்தை மூடியிருக்கும் உறையைத் தைத்தோ இழைய வால்வைச் செய்கிறார்கள். 1965இல் பாரிஸில் பினே, கார்ப்பந்தியே என்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருவரும் பன்றி வால்வை மனிதருக்குப் பொருத்தினார்கள். அவை சில வருடங்களிலேயே கெட்டன. பிறகு கார்ப்பந்தியே, குளூட்டரால்டிஹைட் கரைசலில் இழையத்தைப் பதப்படுத்தினார். உடலின் எதிர்ப்பு அடங்கியது, இழையமும் உறுதியானது. ஆனால் வால்வைக் காத்த அதே கரைசல் அதில் கல்சியம் படியவும் வழிவிட்டது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடும் இதழில் உயிரணு இல்லை. தேய்ந்ததைச் சரிசெய்ய ஆளில்லை.

அறுபத்தைந்தைத் தாண்டியவருக்குப் பெருநாடி வால்வாக வைத்தால், பதினைந்து வருடம் கழித்தும் பெரும்பாலானோருக்கு அது வேலை செய்கிறது. இளவயதில் கல்சியம் வேகமாகப் படியும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மீண்டும் நெஞ்சைத் திறக்க நேரலாம். இதயத்தின் இடப்புற அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு இன்னும் சீக்கிரம் கெடும், மூடும்போது தாங்க வேண்டிய அழுத்தம் அங்கே அதிகம்.

நம் நாட்டின் சிக்கல் இதுதான். சிறுவயதில் தொண்டை நோவுக்குப் பின் வரும் வாதக் காய்ச்சல் பெரும்பாலும் மைட்ரல் வால்வைத்தான் கெடுக்கிறது; நோயாளியோ இளையவர். இழைய வால்வுக்கு ஆகாத இரண்டும் ஒருவரிலேயே சேர்கின்றன. ஆனாலும் பிள்ளை பெற விரும்பும் பெண் அதைத் தேர்ந்தால் பிழை சொல்ல மாட்டேன். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது.

கெட்ட வால்வுக்குள்ளேயே புதியதொன்றைத் தொடை இரத்தக்குழாய் வழியாக வைக்கும் முறை இப்போது இருக்கிறது. 2002இல் பிரான்ஸின் வைத்தியர் கிரிபியே தொடங்கிவைத்த இரத்தக்குழாய்வழிச் சிகிச்சையிலிருந்து வளர்ந்தது அது. செலவு மிக அதிகம்; பழைய வால்வு சிறியதென்றால் உள்ளே இடமும் போதாது. ஆகவே வால்வின் வகையும் அளவும் எழுதிய அட்டையைத் தொலைக்காமல் வைத்திருங்கள். பிற்காலத்தில் வைத்தியர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.