வெயில், தீவு, வரலாறு: கிரீட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

மத்தியதரைக் கடல் தீவொன்றில் விடுமுறையைக் கழிப்பது ஏதோ ஆதியிலிருந்தே மனிதருக்குள் இருந்துவரும் ஆசை போலப் பேசப்படுகிறது. அப்படியொன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பணக்காரர்கள் அந்தக் கரைகளுக்குப் போனது குளிர்காலத்தில். வெயில் ஏறத் தொடங்கியதும் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே திரும்பிவிடுவார்கள். வெயிலில் கிடந்து தோலைக் கறுக்கவைப்பது நாகரிகமானது 1920களில்தான். கறுத்த தோல் வயலில் வேலை செய்கிறவனுக்கு உரியது என்றிருந்த காலம் போய், தொழிலாளி ஆலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் வெளுத்துப்போன பிறகு, கறுப்பு ஓய்வின் அடையாளமாகிறது. மொத்தமாகப் பணத்தைக் கட்டிவிட்டு விமானத்தில் போய் இறங்கும் பேக்கேஜ் சுற்றுலா அதற்கும் பிந்தியது. 1950இல் விளாதிமிர் ரைட்ஸ் என்பவரின் ஹொரைசன் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து கோர்சிகா தீவின் கால்விக்கு ஆட்களை ஏற்றிச் சென்றது. விமானம், கூடாரம், சாப்பாடு, ஒயின் எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். ஆசிரியர்களையும் மாணவர்களையும் மட்டுமே ஏற்றலாம் என்று அரசு நிபந்தனை வேறு.

வெயிலும் கடலும் எல்லாத் தீவிலும் ஒன்றுதான். ஒரு தீவை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டி விற்க வேறொன்று தேவைப்படுகிறது. அதற்குத்தான் வரலாறு. எந்த வரலாறு என்பதுதான் கேள்வி.

சுற்றுலா என்ற நம் சொல்லுக்குள் இருக்கும் 'உலா'வை இங்கே நினைத்துப் பார்க்கலாம். உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்துப் பெண்களும் நின்று அவனைப் பார்ப்பார்கள். உலா வருகிறவன் பார்க்கப்படுபவன். சுற்றுலாவில் இந்தப் பார்வை தலைகீழாகிவிடுகிறது. உலா வருகிறவன் பார்க்கிறான், இருந்த இடத்தில் இருப்பவர்கள் பார்க்கப்படுகிறார்கள். அதிகாரம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் மட்டும் அது இடம் மாறவேயில்லை.

ரொலான் பார்த் 1957இல் வெளியான தன் 'மித்தொலொஜி' நூலில் 'நீல வழிகாட்டி' என்ற பயணநூல் வரிசையை எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். வழிகாட்டி நூல் ஒரு நாட்டை நினைவுச் சின்னங்களின் பட்டியலாகச் சுருக்கிவிடுகிறது, அங்கே வாழும் மனிதர்கள் வெறும் மாதிரிகளாகிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அவர் முக்கியமாகப் பேசியது ஸ்பெயினைப் பற்றி. கிரீட்டுக்கும் அது பொருந்தும், ஆனால் அங்கே சங்கதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே நினைவுச் சின்னமே ஒரு வாசிப்பின் விளைவு.

நோஸஸ் அரண்மனையைத்தான் சொல்கிறேன். முதலில் அங்கே தோண்டியவர் உள்ளூர்க்காரர், மினோஸ் கலோகைரினோஸ், 1878இல். கிடைக்கும் பொருட்கள் எல்லாம் உஸ்மானிய அரசின் கைக்குப் போய்விடும் என்று தீவுக்காரர்களே அவரை நிறுத்திவிட்டார்கள். 1898இல் தீவு தன்னாட்சி பெற்றது. பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ரஷ்யா ஆகிய நான்கும் ஆளுக்கொரு பகுதியாகப் படைகளை நிறுத்தின. நோஸஸ் இருந்தது பிரிட்டனின் பகுதியில். நிலத்தை விலைக்கு வாங்கி 1900இல் தோண்டத் தொடங்கியவர் ஆங்கிலேயரான ஆர்தர் இவான்ஸ். புராண அரசன் மினோஸின் பெயரை வைத்து அந்த நாகரிகத்தை 'மினோவன்' என்று அழைக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் அவர்தான். அந்த மக்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்களோ, யார் கண்டது. அறைகளுக்கும் பெயர் வந்தது: சிம்மாசன அறை, அரசியின் அறை. கடலை ஆண்ட, அமைதியான, ரசனை மிக்க ஒரு பேரரசு அங்கிருந்து எழுந்துவந்தது. அது விக்டோரியா காலத்துப் பிரிட்டன் தன்னைப் பற்றி வைத்திருந்த பிம்பத்தின் சாயலில் இருந்ததைப் பின்னால் பலரும் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

எழுந்துவந்தது என்பது வெறும் உருவகமில்லை. முதலில் மரத்தை வைத்து முட்டுக்கொடுத்தார். அது மழையில் இற்றுப்போனது. 1920களில் இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு மாறினார். மேல்தளங்கள், படிக்கட்டுகள், கீழே குறுகி மேலே பருக்கும் அந்தச் சிவப்புத் தூண்கள் என்று அஞ்சலட்டைகளில் நாம் பார்க்கிற நோஸஸில் பெரும்பகுதி அந்தக் கான்கிரீட்தான். சுவரோவியங்களைச் சில்லுகளிலிருந்து முழுமையாக்கியவர்கள் ழிலியெரோன் என்ற ஓவியர்கள், தந்தையும் மகனும். குங்குமப்பூ பறிக்கும் நீலநிறச் சிறுவன் என்று ஒரு ஓவியத்தை வரைந்து நிரப்பினார்கள். பின்னால் பார்த்தால் அது சிறுவனே இல்லை, குரங்கு!

இதையெல்லாம் போலி என்று ஒதுக்குவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த அகழ்வாய்வும் ஒரு வாசிப்புதான். இவான்ஸ் குறைந்தபட்சம் தன் வாசிப்பை நான்கு தொகுதிகளாக (1921-35) எழுதி வைத்துவிட்டுப் போனார். தவிர, அந்தக் கான்கிரீட்டுக்கே இப்போது வயதாகி வெடிப்பு விழுகிறது, அதையும் தொல்பொருளாகப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. 2025இல் யுனெஸ்கோ நோஸஸ் உட்பட ஆறு மினோவன் அரண்மனைத் தலங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இவான்ஸின் கான்கிரீட்டும் சேர்ந்தே உள்ளே போனது.

என் சங்கடம் வேறு. நோஸஸில் களிமண் பலகைகள் கிடைத்தன, அரண்மனையின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. 'நேர்கோட்டு எழுத்து பி' எனப்படும் அந்த எழுத்தை 1952இல் மைக்கேல் வெண்ட்ரிஸ் படித்துவிட்டார். மொழி பழங்கிரேக்கம். காவியமோ மன்னர் புகழோ அதில் இல்லை, எல்லாம் கணக்கு. ஒரு லட்சத்தை நெருங்கும் ஆடுகள், எந்த மந்தை எந்த இடையனிடம் என்ற விவரம், கம்பளி, துணி நெய்யும் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எத்தனை பேர், அவர்களுக்கு அளக்க வேண்டிய தானியம் எவ்வளவு. அரண்மனை தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த பேச்சு இதுதான். பயணி பார்த்துவிட்டு வருவது அரசியின் அறையை. நெசவுக்காரிகளின் கணக்கு அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால், காய்ந்த மண் துண்டாகக் கிடக்கிறது. அதன் முன்னால் நின்று யார் படமெடுத்துக்கொள்வார்கள்?

இந்தத் தேர்வு நான்காயிரம் வருடத்துக்கு முந்தியதோடு நிற்பதில்லை. ஹானியா நகரின் துறைமுகத்தை 'பழைய வெனிஸ் துறைமுகம்' என்றுதான் சொல்கிறார்கள். அதன் படத்தில் நட்டநடுவே தெரிவது ஒரு பள்ளிவாசலின் குவிமாடம். உஸ்மானியர்கள் தீவைப் பிடித்தார்கள். ஹெராக்லியான் நகரம் இருபத்தோரு வருட முற்றுகைக்குப் பிறகு 1669இல் விழுந்தது. தீவு முஸ்லிம்களில் பெரும்பாலோர் மதம் மாறியவர்கள். வீட்டில் பேசியதும் கிரேக்கம்தான். 1923இல் லோசான் உடன்பாட்டின்படி கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது அளவுகோல் மொழியல்ல, மதம். தாய்மொழி கிரேக்கமான அந்த மக்கள் துருக்கியில் போய் இறங்கினார்கள். குவிமாடம் இன்றும் இருக்கிறது, உள்ளே கண்காட்சிகள் நடக்கின்றன. மாலை வெயிலில் அது அழகாகத்தான் இருக்கும். பெயரில் மட்டும் வெனிஸ்.

எலவுந்தாவிலிருந்து படகில் போகக்கூடிய ஸ்பினலோங்கா தீவில் வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. 1900களின் தொடக்கத்திலிருந்து 1957வரை தொழுநோயாளிகளை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். விக்டோரியா ஹிஸ்லப்பின் 'தி ஐலண்ட்' நாவல் 2005இல் வந்து பிரபலமான பிறகு அங்கே போகிற கூட்டம் பெருகியது. துன்பமும் இப்படி ஒரு நாள் உலாவின் பகுதியாகிவிட்டது. ஆனால் பார்க்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் பதிவாகியிருக்கிறது. எபமினோந்தாஸ் ரெமுந்தாகிஸ் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். 1930களில் அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, நோயாளிகளைச் சங்கமாகத் திரட்டி உரிமைகள் கேட்டவர். பிரெஞ்சு இயக்குநர் ழான்-தானியேல் பொலே 1973இல் எடுத்த 'லோர்த்ர்' என்ற படத்தில், நோய் தின்ற முகத்தோடு, பார்வை இழந்த நிலையில், அவர் காமிராவுக்கு நேரே உட்கார்ந்து பேசுகிறார். இரக்கம் கேட்டு அல்ல. தங்களை ஒதுக்கி வைத்த வெளியுலகத்தின் ஆரோக்கியத்தைத்தான் அவர் விசாரிக்கிறார். படம் எடுக்க வந்தவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.