நிறமில்லா வாயுவின் நிறங்கள்

ஐதரசனுக்கு நிறமில்லை, மணமும் இல்லை. ஆயினும் சாம்பல், பச்சை, நீலப்பச்சை, வெள்ளை என்று பல நிறங்களால் அதனை அழைக்கின்றனர். அது எவ்வழியில் பெறப்பட்டது என்பதைக் காட்டும் அடையாளங்களே இவை.

ஐதரசன் எரியும்போது நீர் உண்டாகிறது, காபனீரொட்சைட்டு வெளிவருவதில்லை. எனவே அதனைத் தூய எரிபொருள் என்கிறோம். ஆனால் பூமியில் அது பெரும்பாலும் நீர், மெதேன் போன்ற சேர்வைகளிலேயே பிணைந்திருக்கிறது. பிரித்தெடுக்கச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

2023இல் உலகில் சுமார் 97 மில்லியன் தொன் ஐதரசன் உற்பத்தியானது. எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும், யூரியாப் பசளைக்கு மூலமான அமோனியாவுக்கும் அதில் பெரும்பகுதி பயன்பட்டது. பெரும்பாலும் அது இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெறப்பட்டதே. மெதேனை நீராவியுடன் தாக்கமுறச் செய்து 1 கிலோகிராம் ஐதரசனைப் பெறும்போது, ஏறத்தாழ 9 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. இதுவே சாம்பல் ஐதரசன். விலை குறைவு, மாசோ அதிகம்.

காற்று, சூரிய ஒளி ஆகியவற்றால் பெறும் மின்சாரத்தைக் கொண்டு நீரை மின்பகுத்தால் கிடைப்பது பச்சை ஐதரசன். 1800ஆம் ஆண்டிலேயே நிக்கல்சனும் கார்லைலும் நீரை மின்னால் பிரித்துக் காட்டிவிட்டனர். பின் ஏன் இன்னும் அது மலிவாகவில்லை?

முதற் காரணம் மின்சாரம். 1 கிலோகிராம் ஐதரசனைப் பெற 50 முதல் 55 அலகு மின்சாரம் தேவை. அதனை எரித்தால் திரும்பக் கிடைப்பதோ சுமார் 33 அலகுச் சக்தியே. இரண்டாவது காரணம் உலோகம். நவீன மின்பகுப்புக் கலங்களில் ஒருவகைக்கு இரிடியம் வேண்டும். உலகச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுதோறும் கிடைக்கும் இரிடியம் பத்துத் தொன்னுக்கும் குறைவு.

புதிய தொழினுட்பங்கள் இவ்விரு தடைகளையும் குறிவைக்கின்றன. எதிரயன்களைக் கடத்தும் மென்சவ்வைப் பயன்படுத்தும் கலங்களில் இரிடியத்துக்குப் பதிலாக நிக்கல் போன்ற மலிவான உலோகம் போதும். திண்ம ஒட்சைட்டுக் கலங்கள் மிக உயர்ந்த வெப்பநிலையில் நீராவியை மின்பகுக்கின்றன. வேலையின் ஒரு பகுதியை வெப்பமே செய்துவிடுவதால் மின்சாரச் செலவு குறைகிறது.

ஒட்சிசன் இல்லாத சூழலில் மெதேனைச் சூடாக்குவது இன்னொரு வழி. அப்போது காபன் கரித்தூளாகப் படிகிறது. அதனை டயர் உற்பத்திக்கு விற்கலாம். இது நீலப்பச்சை ஐதரசன். கொள்கையளவில் இதற்குத் தேவையான சக்தி, நீரைப் பிரிக்கத் தேவையானதில் ஏழில் ஒரு பங்கே. எனினும் குழாய்களிலிருந்து மெதேன் கசிந்தால் பயன் கெட்டுவிடும். அதுவும் வளியை வெப்பமாக்கும் வாயுவே.

வெள்ளை ஐதரசன் நிலத்தடியில் இயற்கையாகவே உருவாவது. ஆபிரிக்காவின் மாலி நாட்டில் புராகேபுகு எனும் கிராமத்தில் 1987இல் நீருக்காகத் துளையிட்டபோது வாயுவே வந்தது. மூடப்பட்ட அக்கிணறு பல ஆண்டுகளின் பின் திறக்கப்பட்டது. அவ்வாயு ஏறத்தாழத் தூய ஐதரசன் எனத் தெரியவந்தது. கிராமத்துக்கு அதிலிருந்து மின்சாரமும் பெறப்பட்டது.

1 கிலோகிராமை ஒரு டொலருக்குப் பத்தாண்டுகளில் பெறுவது என 2021இல் அமெரிக்கா இலக்கு வைத்தது. நீரைப் பிரிக்கும் வித்தை பழையது. மலிவான மின்சாரமும் எளிதில் கிடைக்கும் உலோகமுமே இன்றைய தேடல். இனி “ஐதரசனில் ஓடும் வாகனம்” என்று எவரேனும் பெருமை கூறினால், “அந்த ஐதரசனின் நிறம் என்ன?” என்று கேட்போம்.